இடப்பக்கத்து முடிச்சுகள்

மாடிப்படி திரும்பும் இடத்தில் கிரேன்காரர் நின்றுவிட்டார். இரண்டு கையிலும் தாங்கியிருந்தது அவர் செய்த மாதிரிக் கப்பல். அடிக்கட்டையைப் பலகையில் திருகி இறுக்கியிருந்தாலும், மூன்று பாய்மரங்களும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் நூல்களும் திறந்தபடிதான் இருந்தன. சுவரில் லேசாக உரசினால் போதும், ஒரு வருஷத்து வேலை போச்சு.

"ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேனே," என்றாள் பின்னால் வந்த மனைவி.

"ரெண்டு பேர் தூக்க இது என்ன பீரோவா? நீ பேசாம வா."

அவள் பேசாமல்தான் வந்தாள். கப்பலைப் பார்க்கவில்லை. பலகையின் விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது துடித்தது. நிற்கும், மறுபடி துடிக்கும். நடுப் பாய்மரத்தின் உச்சியில் ஒட்டியிருந்த கடுகளவு கொடி அதற்கேற்ப ஆடியது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்த படிக்கட்டில் காற்று எங்கிருந்து வரும்? அவர் மட்டும் "காத்து அடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

மேலே நூலகத்தின் நீளமான கூடம். வருஷத்துக்கு ஒருமுறை ஊரிலுள்ள கப்பல் பைத்தியங்கள் எல்லோரும் தாங்கள் செய்த கப்பல்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேர்வார்கள். ஒருவருக்கொருவர் கைகொடுப்பதற்கு முன்பே அடுத்தவர் கப்பலைக் குனிந்து பார்ப்பார்கள், பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். பெண்டாட்டிமார்கள் சுவரோரத்து நாற்காலிகளில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். இத்தனை வருஷமும் அவளும் அப்படிக் கொட்டாவி விட்டவள்தான். இன்றைக்குக் கொட்டாவி வரவில்லை.

அவள் தொழில் துணியோடு. சலவைக்கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, கோட்டிலும் புடவையிலும் விழுந்த கிழிசல்களை நூலோட்டி மூடுகிறவள். கிழிந்த இடம் எதுவென்று உடையவருக்கே தெரியக்கூடாது, அதுதான் வேலை. அந்தக் கெட்டிக்காரத்தனம் வீட்டுக்குள் நுழைந்ததில்தான் வினை வந்தது.

கப்பலின் இரண்டு பக்கமும் கயிற்றேணிகள் உண்டு. மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுவதற்கானவை. மாதிரிக் கப்பலில் அவை தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த நூல்கள்தான். நெடுக ஓடும் நூல்களில் குறுக்கு நூலை ஒவ்வொரு சந்திப்பிலும் ட்வீசர் என்ற சின்ன இடுக்கியால் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். ஒரு முடிச்சு இழுத்துப் பிடித்தால் வரிசையே கோணிக்கொள்ளும். கிரேன்காரர் அந்த முடிச்சுக்குப் பேர் போனவர். அவருடைய பழைய கப்பல்களின் ஏணிகளைப் பார்த்தால், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதாகத்தான் தோன்றும்.

இந்த வருஷம் அவர் இடப்பக்கத்து ஏணியில் முதல் வரிசையைக் கட்டிவிட்டு எழுந்தபோது அது பல்லிளித்துக்கொண்டு நின்றது. ட்வீசரைத் தூக்கி எறிந்தார், சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியிலிருந்த பழைய கப்பலைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள். முடிச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கோணல் வரிசையை அவிழ்த்து, அச்சு அசலாக அவர் கட்டியது போலவே கட்டி வைத்தாள். சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"இங்க வந்து பாரு! நேத்து கோணலா இருந்தது, நேராயிடுச்சு!" என்று கத்தினார். "மெழுகுதான். புது மெழுகு போட்டேன்ல? காய்ஞ்சதும் நூலைத் தானா இழுத்து நேராக்கிடுது."

அவர் நூலுக்குப் பூசும் மெழுகில் அந்த வாரம்தான் ஏதோ ஓர் எண்ணெயைக் கலந்திருந்தார். அன்றிலிருந்து அவர் ராத்திரி கோணலாகக் கட்டுவார், அவள் பகலில் நேராகக் கட்டுவாள், புகழெல்லாம் மெழுகுக்குப் போகும். அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கப்பல் செய்கிறவர்கள் சங்கத்தில் போய் அந்த மெழுகைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டு வந்தார். நாலைந்து பேர் வீட்டில் காய்ச்சிப் பார்த்துப் பாத்திரத்தைப் பாழாக்கிக்கொண்டார்கள். யாருக்கும் நூல் நேராகவில்லை. "கைப்பக்குவம் வேணும்யா," என்று சொல்லிச் சிரித்தார் கிரேன்காரர்.

இடப்பக்கம் முடிந்த சமயத்தில் அவருடைய வேலை நேரம் மாறியது. பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தார், கப்பல் பக்கத்திலேயே இருந்தார். வேலைக்குக் கிளம்புமுன் முடிச்சுகளைப் பசையால் இறுக்கிவிடுவார், வலப்பக்கத்தை அவள் தொடவே முடியவில்லை. அது அவர் கட்டியது கட்டியபடியே, கோணலும் மாணலுமாக, முடிச்சுக்கு முடிச்சு பசை அப்பி நின்றது. "இந்த நூல் மட்டம், கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றார்.

இது வெறும் பொழுதுபோக்கோடு நிற்கிற விஷயமாக இருந்தால் அவள் இப்படித் தவித்திருக்க மாட்டாள். ஒருநாள் அவளுடைய கொழுந்தன் கடைக்கே வந்து நின்றான். சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்க அண்ணன் ஓட்டும் கிரேனுக்குக் கீழே நின்று, கொக்கி மாட்டிச் சைகை காட்டுகிறவன் அவன்.

"அண்ணி, அண்ணன் பெட்டிய எறக்கறப்போ ஒரு சாண் தள்ளி வெக்கிறாரு. முன்னெல்லாம் முட்டை மேல முட்டை வெப்பாரு. நான் யார்கிட்டயும் சொல்லலை. நீங்க ஒரு வார்த்தை சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அவள் சொன்னாள். அவர் அவளைக் கையைப் பிடித்துக் கப்பலருகே கூட்டிப் போனார். "இடப்பக்கத்தைப் பாரு. கை நடுங்கறவன் கட்டற முடிச்சா இது? உன் கொழுந்தனுக்கு வேற வேலை இல்ல. வர்ற திங்கக்கிழமை புதுக் கிரேனை எங்கிட்டதான் குடுக்கறாங்க, தெரியுமில்ல? இருக்கறதுலயே பெருசு."

அவள் போட்ட முடிச்சுகளே அவள் வாயைக் கட்டிவிட்டன. எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தாள். அந்த இடப்பக்கம்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்த கடைசிக் கிளை, அதை எப்படி வெட்டுவது? திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்குச் சனி, நாளை மறுநாள் திங்கட்கிழமை.

கூடத்தில் ஒரு சலசலப்பு. நடுவர் வந்துவிட்டார். அவரைக் கேப்டன் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், உண்மையான கப்பலில் ஒரே ஒருமுறை ஏறி, கிளம்புவதற்கு முன்பே வாந்தியெடுத்து இறங்கியவர். ஆனால் மாதிரிக் கப்பல் என்றால் அவர் கண்ணுக்குத் தப்புவது எதுவுமில்லை. கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்தார். மெழுகு காய்ச்சிப் பாத்திரத்தைப் பாழாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

கிரேன்காரர் தன் கப்பலை வைத்திருந்தது ஒரே கைப் பிரிவில். அந்தப் பிரிவில் கப்பலின் கடைசி முடிச்சுவரை ஒரே ஆள் செய்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நடுவர் "மேஜைக்கு வா" என்பார். எல்லோர் முன்னிலையிலும் உட்கார்ந்து, சந்தேகப்பட்ட வேலையைச் செய்துகாட்ட வேண்டும். முன்பு ஒருவர் அப்படி மேஜைக்குப் போய்க் கை பிசகி எழுந்தார். அதன்பிறகு அவர் சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கேப்டன் இடப்பக்கம் குனிந்தார். அவள் நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். கண்டுபிடிக்கப்போகிறார், இதோ நிமிர்ந்து "இது யார் கட்டினது?" என்று கேட்கப்போகிறார். கேப்டன் வரிசை வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தார். "இதுதான்யா உன் கை," என்றார். "ஆயிரம் கப்பல் நடுவுல வெச்சாலும் நான் சொல்லிடுவேன், இது கிரேன்காரன் முடிச்சுன்னு."

கிரேன்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார், பார்த்தாயா என்கிற மாதிரி. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைகொள்வதற்குள் கேப்டன் மேஜையைச் சுற்றி வலப்பக்கம் போய்விட்டார். அங்கே குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இந்தப் பக்கம் யாரு கட்டினது?"

"யாருன்னா? நான்தான்."

"வெளையாடாதே. அந்தப் பக்கம் நீ. இது வேற ஆளு. முடிச்சே போடத் தெரியாத ஆளு. பாரு, பசையைத் தடவி ஒப்பேத்தியிருக்கான்." கேப்டன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "உன்னைப் போய் இப்படி நினைக்கலையே. ஒரே கைப் பிரிவுல கொண்டுவந்து வெச்சிருக்கே."

கிரேன்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. "நூலு மட்டம்," என்றார். "மெழுகு சரியாப் பிடிக்கலை."

"மெழுகுப் பேச்சை விடு. மேஜைக்கு வா."

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பினார்கள். மேஜையில் வெள்ளைக் காகிதம் விரித்து, அதன்மேல் நூல்களை நெடுக இழுத்துக் கட்டிய ஒரு சட்டமும், ட்வீசரும், ஒரு துண்டு நூலும் தயாராக இருந்தன. மேலே விளக்கு. கிரேன்காரர் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அந்தக் காட்சியில் அவளுக்கு எதுவும் புதிதில்லை. தினமும் வீட்டில் பார்த்ததுதான். ஆனால் வீட்டில் அதைப் பார்க்க அவளைத் தவிர யாரும் இல்லை.

ட்வீசரின் நிழல் காகிதத்தில் விழுந்தது. கை நடுங்குவதைவிட நிழல் அதிகம் நடுங்கியது. நூலின் நுனி நெடுநூலைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டிப் போனது. சுற்று விழவில்லை. யாரோ இருமினார்கள். அவர் நெற்றியில் வியர்வை திரண்டு மூக்கு நுனிக்கு இறங்கியது.

"லைட்டு கண்ணைக் கூசுது," என்றார்.

கேப்டன் விளக்கை நகர்த்தினார். நூல் இப்போது ட்வீசரிலிருந்தே நழுவிக் காகிதத்தில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எழுந்து கப்பலின் இடப்பக்கத்தைக் காட்டினார். "அதைப் பாரு! அது என் கைதானே? நீதானே சொன்னே? அதைக் கட்டின கை இதுய்யா!"

"அதைத்தானே நானும் கேக்கறேன். அதைக் கட்டினவன் இதை எப்படிக் கட்டுவான்?"

அப்போது, அண்ணன் கப்பலைப் பார்க்க வந்திருந்த கொழுந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "வலப்பக்கம் நான்தான் கட்டினேன்," என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், தரையைப் பார்த்தபடி சொன்னான். "அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஆசைப்பட்டுக் கட்டினேன். அண்ணனுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல, விட்டுடுங்க."

கூடமே மூச்சு விட்டது. கேப்டன்கூடத் தலையாட்டினார். எல்லோருக்கும் வசதியான பொய் அது. பரிசு போகும், அவ்வளவுதான். கிரேன்காரர் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை அவள் கண்டாள். அவர் கழுத்து அசைந்தது, ஆமாம் என்று தலையாட்டப் போகிறார் என்பது தெரிந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடையன், மடையன் என்று மனசுக்குள் கொழுந்தனைத் திட்டினாள். இவர் தலையாட்டிவிட்டால் கை நன்றாக இருக்கிறது என்று ஊரே சாட்சி சொல்லும். திங்கட்கிழமை இவர் புதுக் கிரேனில் ஏறுவார். பெட்டி ஒரு சாண் தள்ளி இறங்கும். கீழே நிற்கப் போவது வேறு யாருமில்லை, இதோ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இந்த மடையன்தான்.

"அவன் கட்டலை," என்றாள்.

இத்தனை வருஷத்தில் நாற்காலி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததே இல்லை. எழுந்து நடந்தாள்.

"அவன் பொய் சொல்றான். வலப்பக்கம் அவரு கட்டினது. ஒவ்வொரு முடிச்சும் அவருதான்." கேப்டனைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துச் சொன்னாள். "இடப்பக்கம் நான் கட்டினேங்க."

"நீயா?"

"காலையில நீங்க போனதும் அவுத்துட்டு மறுபடி கட்டி வெப்பேன்."

"மெழுகு..." என்றார் அவர்.

"மெழுகு ஒண்ணும் பண்ணலைங்க."

பின்வரிசையில் பாத்திரத்தைப் பாழாக்கியவர் ஒருவர் 'க்ளுக்' என்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே செத்துப் போகலாம் என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். கிரேன்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கிற ஆளில்லை, ஆனால் அடித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பிறகு ட்வீசரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"கட்டு."

அவள் உட்கார்ந்தாள். விழுந்த நூலை எடுத்து, நெடுநூலுக்குப் பின்னால் விட்டு, மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, இழுத்தாள். கடையில் கிழிசல் மூடுகிற கை, அதற்கு இது பெரிய காரியமில்லை. அவர் கேப்டனின் உருப்பெருக்கியைக் கேட்காமலே கழற்றி வாங்கித் தன் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். அவருடைய மூச்சு அவள் விரல்மேல் பட்டது.

"வாலை நீளமா விட்டுட்டே," என்றார். "ஒட்ட நறுக்கு."

நறுக்கினாள்.

"எங்க கத்துக்கிட்டே?"

"அலமாரியில இருக்கற உங்க பழைய கப்பலைப் பாத்துதான்."

அவர் நிமிர்ந்தார். "கேப்டன், ஒரே கைப் பிரிவுலேர்ந்து எடுத்துடு. ரெண்டு கை பட்ட கப்பல்." கேப்டன் தலையை அசைத்தார். கிரேன்காரர் தம்பியின் பக்கம் திரும்பினார். "டேய், பெட்டி தள்ளித்தான் விழுதா?"

தம்பி ஒரு கையை விரித்து ஒரு சாண் அளவு காட்டினான், கீழே நின்று சைகை காட்டுகிற அதே கையால்.

"அதை நேரா எங்கிட்டயே சொல்றதுக்கு என்னடா? மேல ஒருத்தன் இருக்கான், கீழ நிக்கறது நம்ம உசுரு, வாயைத் திறப்போம்னு தோணலையா?" திட்டுகிற மாதிரி ஆரம்பித்தது பாதியில் தளர்ந்துபோயிற்று. "மேஸ்திரிகிட்ட சொல்லிடு. திங்கக்கிழமை நான் ஏறலை. டாக்டர்கிட்ட போறேன்."

அதற்குமேல் அங்கே நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. கப்பலைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். அந்த முதுகு அவளை மன்னித்ததா இல்லையா என்று ஒன்றும் புரியவில்லை.

படிக்கட்டின் உச்சியில் அவர் நின்றார். கீழே பார்த்தார், கையைப் பார்த்தார். திரும்பினார்.

"இந்தா, பிடி."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவருடைய கப்பலைத் தூசி துடைக்கக்கூட அவர் யாரையும் விட்டதில்லை. பலகையின் கீழே இரண்டு கையையும் கொடுத்தாள். அவர் உடனே விடவில்லை, பாரம் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே விட்டார். விட்டதும் அவளைத் தாண்டி முன்னால் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே பின்புறமாக இறங்க ஆரம்பித்தார்.

"மெதுவா. படி இருக்கு. இங்க திரும்பணும், பாய்மரத்தை எம்பக்கம் சாய்ச்சுக்கோ. ஆங், அப்படித்தான்."

நடுப் பாய்மரத்துக் கொடி கிடுகிடுவென்று ஆடியது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவள் விரல்களைப் பார்த்தார்.

"என்ன, உனக்குமா?"

"எனக்குப் பயத்துலங்க."

அவர் இன்னொரு படி இறங்கினார். அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார்.